கட்டண பாக்கிக்காகப் பள்ளி மாற்றுச் சான்றிதழை நிறுத்தி வைக்கலாமா?

கேள்வி: சேலம் பனங்காட்டில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கூலிக்கு வேலை செய்து வந்தேன். வெள்ளி விலை ஏறியதிலிருந்து ஆர்டர் குறைந்து, வாரத்தில் இரண்டு நாள் வேலை கிடைப்பதே அரிதாகிவிட்டது. வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாமல், ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கும் என் மாமியாரிடம் குடும்பத்தைக் கொண்டுவந்துவிட்டேன். மகள் சேலத்தில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் ஏழாம் வகுப்பு முடித்திருக்கிறாள். மகன் அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு தேறி, ஐ.டி.ஐ.யில் சேர இருக்கிறான். இருவருக்கும் சேர்த்து 46,000 ரூபாய் பாக்கி இருப்பதாகவும், அதைக் கட்டினால்தான் டி.சி.யும் மகனின் மதிப்பெண் சான்றிதழும் கிடைக்கும் என்றும் பள்ளியில் சொல்கிறார்கள். இல்லையென்றால் தேதி போடாத காசோலை ஒன்று கொடுங்கள், டி.சி.யில் ‘கட்டணம் பாக்கி’ என்று எழுதித் தருகிறோம் என்கிறார்கள். கடைசிப் பருவத்தில் மகளை இதற்காக வகுப்புக்கு வெளியே நிறுத்தியும் இருக்கிறார்கள். இங்குள்ள அரசுப் பள்ளியிலோ டி.சி. இல்லாமல் எமிஸில் (மாணவர் விவரங்களைப் பதியும் கல்வித் துறையின் கணினித் தளத்தில்) ஏற்ற முடியாது என்கிறார்கள். பள்ளி திறந்து மூன்று வாரமாக மகள் வீட்டில் இருக்கிறாள். நான் என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஏற்காடு

பதில்:

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, நீங்கள் பள்ளிக்குத் தர வேண்டிய பணம். மற்றொன்று, உங்கள் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய ஆவணங்கள். முதலாவது உங்களுக்கும் பள்ளி நிர்வாகத்துக்கும் இடையே உள்ள கடன். அதை வசூலிக்க நிர்வாகத்துக்கு உரிமையியல் நீதிமன்றம் திறந்திருக்கிறது. இரண்டாவது பிள்ளையின் பெயரில் உள்ள, பிள்ளைக்கே உரிய சான்று. அதைப் பிணையாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமையை எந்தச் சட்டமும் பள்ளிக்குத் தரவில்லை. கட்டணம் தராத கட்சிக்காரரின் வழக்குக் கட்டைக்கூட வழக்கறிஞர் பிடித்து வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே எங்கள் தொழிலுக்குச் சொல்லிவிட்டது. எங்களுக்கு இல்லாத உரிமை பள்ளிக்கூடத்துக்கு எங்கிருந்து வந்தது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் மகள் வகுப்பில் உட்கார வேண்டும். டி.சி. கையில் வந்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பது வரிசையைத் தலைகீழாக்குவதாகும். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு முடியும் வரை பாதுகாப்பு தருகிறது. அதன் 5ஆவது பிரிவு உங்கள் மகளுக்காகவே எழுதியது போல இருக்கிறது: எந்தக் காரணத்துக்காகவும் ஒரு பள்ளியிலிருந்து வேறு பள்ளிக்கு மாற வேண்டிய பிள்ளைக்கு, கடைசியாகப் படித்த பள்ளியின் தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனடியாக வழங்க வேண்டும், அந்தச் சான்றிதழ் வருவதில் ஏற்படும் தாமதத்தைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தாமதப்படுத்தவோ மறுக்கவோ கூடாது. ‘எந்தக் காரணத்துக்காகவும்’ என்று சட்டம் சொல்லும்போது பட்டறையில் வேலை குறைந்ததும், குடும்பம் மலைக்குப் போனதும் அதில் அடக்கம். சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்ற பதிலையும் ஏற்க வேண்டியதில்லை. 15ஆவது பிரிவின்படி காலம் கடந்து வரும் பிள்ளைக்கும் இடம் மறுக்கக் கூடாது.

அதே சட்டத்தின் 10ஆவது பிரிவு, பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆகவே மகளை வீட்டில் வைத்திருப்பது உங்கள் பக்கத்துக்கும் பலவீனம்தான். நாளை அலுவலர் முன்னால் நீங்கள் நிற்கும்போது, பிள்ளையைச் சேர்க்க முயன்றேன், மறுத்தார்கள் என்பதைக் காட்ட ஒரு தாளாவது கையில் இருக்க வேண்டும்.

அந்தத் தாளை உருவாக்கும் வழி இது. நாளைக்கே அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் எழுத்தில் ஒரு விண்ணப்பம் கொடுங்கள். மகளின் பெயர், பிறந்த தேதி, கடைசியாகப் படித்த பள்ளியும் வகுப்பும், எமிஸ் எண், தற்போது குடியிருக்கும் இடம் ஆகியவற்றை எழுதிவிட்டு, “முந்தைய பள்ளி மாற்றுச் சான்றிதழ் வழங்க மறுப்பதால், கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவின்படி அச்சான்றிதழ் இன்றியே என் மகளை எட்டாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளுமாறும், சேர்க்க இயலாது எனில் அதற்கான காரணத்தை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்” என்று முடியுங்கள். நகலில் தேதியுடன் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். வாய்மொழியாக ‘முடியாது’ என்று சொல்லும் பலர் அதையே எழுதித் தரத் தயங்குவார்கள் என்பது என் அனுபவம்.

தலைமையாசிரியரின் சங்கடத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். அவர் உங்களுக்கு எதிரி அல்லர். எமிஸ் தளத்தில் உங்கள் மகளின் பெயர் இன்னும் பழைய பள்ளியின் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பள்ளி அவளை விடுவித்துப் பொதுத் தொகுப்புக்கு அனுப்பினால்தான் புதிய பள்ளி தன் பட்டியலுக்குள் இழுத்துக்கொள்ள முடியும். கல்வித் துறையில் ‘காமன் பூல்’ என்று சொல்வது இதைத்தான். பெயர் ஏறாவிட்டால் பாடநூல், சீருடை போன்ற நலத்திட்டங்களின் கணக்கில் அவள் வரமாட்டாள் என்பது அவரது கவலை. இருந்தாலும் கணினித் தளத்தின் நடைமுறை நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்துக்கு மேற்பட்டதன்று. பிள்ளையை வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, பெயரை விடுவிக்கக் கோரி அவர் தம் மேலதிகாரிக்கு எழுதுவதே முறை. அப்பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்களாகவே இருக்க வேண்டும் என்பது சட்டம். குழுத் தலைவரை ஒரு முறை நேரில் பார்த்து விஷயத்தைச் சொல்லுங்கள். மலைப்பகுதியில் இது மனுவைவிட வேகமாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். வீட்டிலிருந்து பள்ளிக்குத் தூரம் அதிகமென்றால், பேருந்து வசதியற்ற குடியிருப்புகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கான போக்குவரத்து மற்றும் வழித்துணை உதவியையும் அதே மனுவில் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது, பழைய பள்ளி. பள்ளி முதல்வருக்கும் தாளாளருக்கும் ஒரே கடிதத்தை ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலில் அனுப்புங்கள். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். கோபமும் வேண்டாம். இரு பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழையும், மகனின் அசல் மதிப்பெண் சான்றிதழையும், எமிஸ் தளத்தில் இருவரையும் விடுவிப்பதையும் கேட்டு, ஏழு நாள் அவகாசம் கொடுங்கள். அதன் நகலை இணைத்து, சேலம் மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அலுவலகத்தில் மனு கொடுங்கள். முதன்மைக் கல்வி அலுவலருக்கும் ஒரு நகல் போகட்டும். தனியார் பள்ளிகளுக்கென்றே தனியாக ஒரு மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கும்போது, மனுவை வேறு அலுவலகத்தில் கொடுத்து அது மேசை மேசையாக நகர்வதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 5ஆவது பிரிவு டி.சி.யைத் தாமதிக்கும் தலைமையாசிரியர் மீது பணி விதிகளின்படி நடவடிக்கை எடுக்கலாம் என்கிறது. தனியார் பள்ளியில் அந்த விதிகளை நிர்வாகமே கையில் வைத்திருப்பதால் இந்த வாசகத்துக்கு அங்கே கூர்மை குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை. அதனால்தான் அலுவலரின் தலையீடு தேவைப்படுகிறது.

திங்கட்கிழமைகளில் சேலம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும். 14417 என்ற பள்ளிக் கல்வித் துறை உதவி எண்ணிலும், 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆவது பிரிவின்படியும் புகார் தரலாம். ஆனால் அதில் முடிவெடுக்க மூன்று மாதம் வரை அவகாசம் உண்டு. அதற்குள் காலாண்டுத் தேர்வே வந்துவிடும். ஆகவே அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

உங்கள் பிள்ளைகள் படித்த பள்ளி எத்தகையது என்பதை உங்கள் கடிதம் சொல்லவில்லை. அது சிறுபான்மையினர் நிறுவனம் என்ற தகுதி பெற்ற பள்ளியாக இருந்தால், கல்வி உரிமைச் சட்டம் அத்தகைய பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2014இல் தீர்ப்பளித்திருப்பதை அவர்கள் சுட்டிக்காட்டக் கூடும். அப்போதும் உங்கள் மகளைச் சேர்க்க வேண்டிய அரசுப் பள்ளியின் கடமை அப்படியே இருக்கிறது; அரசுப் பள்ளிக்கு அந்த விலக்கு கிடையாது.

இனி மகன். பதினான்கு வயதைத் தாண்டி எட்டாம் வகுப்பையும் முடித்துவிட்டதால் கல்வி உரிமைச் சட்டம் அவனுக்குக் கைகொடுக்காது. இதைத் தெரியாமல் இருவருக்கும் ஒரே பிரிவைக் குறிப்பிட்டு மனு எழுதினால், பள்ளியின் வழக்கறிஞர் முதல் வரியிலேயே பிடித்துக்கொள்வார். அவனுக்கு வேறு வழி இருக்கிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை வழங்குவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். பள்ளி அதை மாணவனிடம் சேர்ப்பிக்கும் இடைநிலை மட்டுமே. அரசு கொடுத்தனுப்பிய ஆவணத்தைத் தன் சொந்தக் கடனுக்காகப் பள்ளி நிறுத்தி வைப்பதற்குச் சட்ட அடிப்படை எதுவும் இல்லை என்பதை மனுவில் தனிப் பத்தியாக எழுதுங்கள். இதற்கிடையில், தேர்வெண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்து இயக்ககத்தின் இணையதளத்திலிருந்து தற்காலிக மதிப்பெண் சான்றிதழைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். ஐ.டி.ஐ. விண்ணப்பத்தின் கடைசித் தேதியைத் தவறவிடாமல், அந்தத் தாளை வைத்தே விண்ணப்பித்துவிட்டு, டி.சி.யைச் சமர்ப்பிக்க அவகாசம் கேட்டு அங்கும் எழுத்தில் ஒரு கடிதம் கொடுக்கச் சொல்லுங்கள்.

இருவருக்கும் பொதுவாகப் பயன்படக்கூடியது சென்னை உயர் நீதிமன்றத்தின் இருவர் அமர்வு 2024 ஜூலையில் அளித்த தீர்ப்பு. மாற்றுச் சான்றிதழ் என்பது கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவி அல்ல, பெற்றோரின் பண வசதியை அளக்கும் கோலும் அல்ல, அது பிள்ளையின் தனிப்பட்ட ஆவணம் என்பது அத்தீர்ப்பின் சாரம். கட்டணம் செலுத்தவில்லை, தாமதமாகச் செலுத்தினார் என்பன போன்ற குறிப்புகளைச் சான்றிதழில் எழுதக் கூடாது என்றும், அதற்கேற்ப விதிகளைத் திருத்த வேண்டும் என்றும் அரசுக்கு அந்த அமர்வு உத்தரவிட்டது. ஆகவே ‘கட்டணம் பாக்கி’ என்று எழுதித் தருகிறோம் என்ற யோசனையை ஏற்க வேண்டாம். உங்கள் வறுமையைப் பிள்ளையின் நெற்றியில் எழுதி அனுப்பும் வேலை அது. ஒரு தொழில்முறை எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: மகளுக்கான மனுவில் முதலில் சட்டப் பிரிவையும், அதன் பிறகே தீர்ப்பையும் குறிப்பிடுங்கள். தீர்ப்புகள் மேல்முறையீட்டுக்குப் போகக்கூடியவை. மனுவில் சேர்க்கும் நாளில் அதன் நிலையை ஒரு வழக்கறிஞரிடம் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

காசோலை விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்: தராதீர்கள். தேதி போடாத காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டால், அவர்கள் தேதியை எழுதி வங்கியில் போடும் நாளில் உங்கள் கணக்கில் பணம் இருக்கப் போவதில்லை. அதன் பிறகு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவு வந்து நிற்கும். அதில் இரண்டு ஆண்டு வரை சிறையும், காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதமும் விதிக்க முடியும். வெறும் கடனாக இருப்பதை நீங்களே குற்ற வழக்காக மாற்றிக் கொடுப்பதாக அது ஆகும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் காசோலை எண், கொடுத்த நாள், எதற்காகக் கொடுத்தீர்கள் என்பதைக் குறிப்பிட்டு, அதைத் திரும்பக் கேட்டு உடனே கடிதம் அனுப்புங்கள்.

அதற்காகப் பாக்கியையே மறுத்துவிடலாம் என்று பொருள் இல்லை. டி.சி. கிடைத்துவிட்டதால் கடன் கழிந்துபோகாது. பள்ளி நிர்வாகம் மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். ஆனால் 46,000 ரூபாய் என்ற அந்தக் கணக்கு சரியா என்பதை முதலில் பாருங்கள். தமிழ்நாடு பள்ளிகள் (கட்டணம் வசூலித்தலை முறைப்படுத்துதல்) சட்டம், 2009இன்படி, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையிலான குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் வகுப்புவாரியாகக் கட்டணம் நிர்ணயிக்கிறது. அந்த ஆணை மூன்று கல்வியாண்டுகளுக்குப் பள்ளியைக் கட்டுப்படுத்தும். அதற்கு மேல் வசூலிப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். உங்கள் பள்ளிக்கான ஆணையின் நகலைப் பள்ளியிடம் கேளுங்கள். தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாவட்டக் கல்வி அலுவலகத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பியுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். பிறகு கடந்த மூன்று ஆண்டு ரசீதுகளை எடுத்து வைத்துக்கொண்டு, கட்டியது எவ்வளவு, ஆணைப்படி கட்ட வேண்டியது எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். பேருந்துக் கட்டணத்தைத் தனியாகப் பிரியுங்கள். வண்டியில் போகாத மாதத்துக்கும் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ‘சிறப்பு வகுப்பு’, ‘ஸ்மார்ட் கிளாஸ்’ என்று துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிய தொகைகளும் இந்தக் கணக்கில் வர வேண்டும். ரசீது இல்லாத தொகைக்கு வங்கிக் கணக்குப் பதிவோ, கைபேசி வழிப் பணப் பரிமாற்றத்தின் விவரமோ போதும். இப்படிப் பார்த்ததில் பாக்கி பாதியாகக் குறைந்த குடும்பங்களும் உண்டு. ஒரு ரூபாயும் குறையாத குடும்பங்களும் உண்டு.

கணக்கு முடிந்ததும், உண்மையாகவே தர வேண்டியது என்று தெரியவரும் தொகையை மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். கொலுசு வேலை எப்போது திரும்பும் என்று உங்களுக்கே தெரியாத நிலையில், பெரிய தவணையை ஒப்புக்கொண்டு தவறுவதைவிட 1,000 ரூபாயை ஒழுங்காகக் கட்டுவது மேல். இந்தக் கடிதத்தை டி.சி. கேட்கும் கடிதத்தோடு சேர்க்காதீர்கள். தனித்தனி உறையில், தனித்தனித் தேதியில் போகட்டும்.

மகளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியது இந்தக் கணக்குகளோடு சேராத விஷயம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு பிள்ளையை உடலளவில் தண்டிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. பெற்றோர் தர வேண்டிய பணத்துக்காகப் பிள்ளையை மற்ற மாணவர்கள் முன்னால் அவமானப்படுத்துவது அதற்குள் வரும். மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்குப் புகார் அனுப்பலாம். 1098 என்ற எண்ணிலும் சொல்லலாம். ஆனால் அதை டி.சி. மனுவுக்குள் நுழைக்க வேண்டாம் என்பது என் கருத்து. நுழைத்தால் விசாரணை, விளக்கம், மறுப்பு என்று கோப்பு நீண்டு, ஒரே நாளில் முடிய வேண்டிய சான்றிதழ் வேலையும் அதோடு சேர்ந்து நிற்கும். புகார் தருவதற்கு முன் மகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அதிகாரிகள் அவளிடம்தான் கேள்வி கேட்பார்கள். அதற்கு அவள் தயாரா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். நடந்த நாள், வகுப்பு, யார் சொன்னார்கள் என்பதை மட்டும் இப்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொல்லக்கூடும். கல்வி நிறுவனங்கள் தருவது அந்தச் சட்டம் சொல்லும் ‘சேவை’ அன்று என்று உச்ச நீதிமன்றம் 2010இலும் 2012இலும் கூறியிருப்பதால், அங்கே நுழைவாயிலிலேயே பல மாதம் போய்விடும். மாவட்டக் கல்வி அலுவலரிடம் கொடுத்த மனுவுக்குப் பதில் வராவிட்டால், அரசியல் சாசனத்தின் 226ஆவது பிரிவின்படி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) கோரலாம். சேலம் மாவட்டம் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வராது என்பதால் சென்னைக்குத்தான் போக வேண்டும். அங்கே முதல் கேள்வி, அலுவலரிடம் மனு கொடுத்தீர்களா, ஒப்புகை எங்கே என்பதாகத்தான் இருக்கும். பெரும்பாலான விவகாரங்கள் அந்தப் படிக்குப் போகாமலே முடிந்துவிடுகின்றன.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று நீங்கள் தயங்கலாம். சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987இன் 12ஆவது பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. ஆகவே விண்ணப்பத்தை உங்கள் பெயரில் போடாமல், பிள்ளைகளின் பெயரில் உங்கள் மனைவியைக் காப்பாளராகக் காட்டி, சேலம் ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கொடுங்கள். 15100 என்ற எண்ணில் முன்கூட்டியே விவரம் கேட்டுக்கொள்ளலாம். மலையிலிருந்து இறங்கி வரும் நாளில் பிறப்புச் சான்று, ஆதார், மகளின் ஏழாம் வகுப்புத் தேர்ச்சி அறிக்கை, மகனின் தேர்வு நுழைவுச் சீட்டு, கட்டண ரசீதுகள், தபால் ஒப்புகைகள், அரசுப் பள்ளியில் கொடுத்த விண்ணப்பத்தின் நகல் ஆகியவற்றை ஒரே கோப்பில் எடுத்து வாருங்கள். அசல்களை யாரிடமும் கொடுக்க வேண்டாம். காட்டிவிட்டு நகலை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்புங்கள்.